மேல ஸ்நோர்க்கல், கீழ துரு

காட்டுக்குப் போற காடிக்கு மொதல்ல வேண்டியது ஸ்டிக்கர். அது உங்கிட்ட தாராளமா இருக்கு பேராண்டி, பின் கண்ணாடியில வெளிச்சம் நுழைய எடமில்லாம ஒட்டி வச்சிருக்கே. அடுத்தது ஸ்நோர்க்கல். அதுவும் இருக்கு. முன்னால வின்ச்சு, கூரைமேல வரிசையா எல்இடி லைட்டு, சேத்துல மாட்டினா டயருக்கு அடியில செருகுற ஆரஞ்சுப் பலகை, மடக்கிப் பிரிக்கிற கூடாரம், பக்கத்துல தொங்குற எண்ணெய் டின்னு. இவ்வளவையும் சுமந்துக்கிட்டு உன் காடி இதுவரைக்கும் ஏறின பெரிய மலை எது? துன் சம்பந்தன் ரோட்டுலேருந்து திரும்பி நூ சென்ட்ரல் கார் பார்க்குக்கு ஏறுற சாய்வு.

மயிலிறகுதானேன்னு அளவில்லாம ஏத்தினா வண்டி அச்சு முறியும்னு வள்ளுவர் சொல்லிட்டுப் போயிட்டாரு. அவரு காலத்துல கூரைமேல கூடாரம் இல்ல. இருந்திருந்தா மயிலை விட்டுட்டு உன்னைப் பத்தித்தான் பாடியிருப்பாரு.

நான் உங்கிட்ட கேட்டது ஒரே கேள்வி: அடியில கிரீஸ் எப்போ போட்டே? நீ சொன்ன பதில், "தாத்தா, போன மாசம்தான் சர்வீஸ் பண்ணேன்." அடேயப்பா. சர்வீஸ்னா எஞ்சின் எண்ணெய் மாத்தினான், பில்டர் மாத்தினான், ஸ்டியரிங்ல பிளாஸ்டிக் பையைச் சுத்திக் குடுத்தான். அடியில ஷாப்ட்டுப் பக்கம் எவன் போனான்? கேட்டா "எல்லாம் ஓக்கே பாஸ்"ம்பான் பட்டறைக்காரன். அவன் உன்னை பாஸ்னு கூப்பிடுறப்பவே நீ பர்சைக் கெட்டியா பிடிச்சிருக்கணும்.

ஷாப்ட்டுன்னா எதுன்னு தெரியுமா? சும்மா தலையாட்டாதே, சொல்றேன் கேளு. கியர் பாக்ஸுக்குப் பின்னால டிரான்ஸ்பர் கேஸ்னு ஒரு பெட்டி. அதுலேருந்து முன் அச்சுக்கு ஒரு இரும்புக் குழாய் போவும், பின் அச்சுக்கு ஒண்ணு போவும். எஞ்சினோட பலமெல்லாம் அந்த ரெண்டு குழாய் வழியாத்தான் சக்கரத்துக்குப் போய்ச் சேரணும். ஃபெடரல் ஹைவேயில நீ தொண்ணூறுல போறப்ப பின் குழாய் நிமிஷத்துக்கு ரெண்டாயிரம் தடவைக்கு மேல சுத்துது. கியர் பாக்ஸு ஆடாம ஒரே எடத்துல இருக்கு. அச்சு மட்டும் பள்ளம் மேடுக்குத் தக்கன ஏறி இறங்குது. அப்போ குழாய் மடங்கணும், மடங்கிக்கிட்டே சுத்தவும் செய்யணும், சமயத்துல நீளவும் குறையவும் வேணும். மடங்குறதுக்கு ரெண்டு முனையிலயும் யூ-ஜாயின்ட்டு. நீளுறதுக்கு நடுவுல பல்லு வெட்டின ஒரு வழுக்கு மூட்டு, ஸ்லிப் ஜாயின்ட்டு.

யூ-ஜாயின்ட்டுக்குள்ள சிலுவைக் கட்டை ஒண்ணு இருக்கு. அதோட நாலு நுனியிலயும் ஒரு இரும்புக் கிண்ணி. கிண்ணிக்குள்ள ஊசி ஊசியா உருளைங்க, நெருக்கமா அடுக்கியிருக்கும். இந்த ஊசிங்க முழுசா ஒரு சுத்து சுத்தாது. கொஞ்சம் முன்ன, கொஞ்சம் பின்ன, அதே எடத்துல ஆடிக்கிட்டே இருக்கும். கிரீஸ் இருக்குற வரைக்கும் ஆட்டம் நல்லா இருக்கும். காஞ்சு போச்சுன்னா சிலுவைக் கட்டையில கோடு கோடா பள்ளம் விழுந்துடும். பள்ளம் விழுந்தப்புறம் நீ டப்பா டப்பாவா கிரீஸ் அடிச்சாலும் எண்ணெய்ச் செலவுதான் மிச்சம், பிள்ளை பிழைக்காது.

இந்த மூட்டைப் பத்தி எழுதி வச்சவன் இத்தாலிக்காரன், கார்டானோன்னு பேரு, பதினாறாம் நூற்றாண்டு ஆளு. அப்புறம் இங்கிலாந்துல ராபர்ட் ஹூக்னு ஒருத்தன், வானத்தைப் பார்க்குற கருவிக்கு இதைச் சேர்த்து 1676-ல புத்தகம் போட்டான். ஒரு மூட்டு மட்டும் இருந்தா மறுமுனை சீரா சுத்தாது. ஒவ்வொரு சுத்துலயும் ரெண்டு தடவை வேகமும் ரெண்டு தடவை மந்தமுமா இழுக்கும். அதைச் சரிக்கட்டத்தான் மறுமுனையில இன்னொரு மூட்டு, ஒண்ணு பண்ற கோளாறை இன்னொண்ணு நேராக்குது. ஆனா ரெண்டும் ஒரே வாட்டத்துல நிக்கணும். ஷாப்ட்டை நடுவுல உருவினா, உருவுறதுக்கு முன்னால ரெண்டு பக்கமும் சேர்த்து ஒரு பெயின்ட்டுக் கோடு போட்டுக்கோ. கோடு போடாம பழையபடி மாட்டிட்டேன்னு வந்தவனுங்க காடி, அறுபது தாண்டினா அதிருது, எழுபது தாண்டினா பொண்டாட்டி இறங்கிக்கிறேங்குது.

தோட்டத்துல டிராக்டர் ஓட்டினவன் நான். காலையில பிரட்டுக்கு ஆள் கூடுறதுக்கு முன்னாலயே மாசி பெர்குசனுக்கு எங்கெங்க கிரீஸ் ஏத்துற நிப்பிள் இருக்கோ அங்கெல்லாம் பம்ப் அடிச்சு முடிச்சிருக்கணும். பின்னால உரம் தூவுற மெஷினுக்கு ஒரு ஷாப்ட்டு போவும், நிமிஷத்துக்கு 540 சுத்து. அதோட ரெண்டு முனையிலயும் இதே சிலுவைக் கட்டைதான். கிரீஸ் போட மறந்தா மத்தியானத்துக்குள்ள கீச்சு கீச்சுன்னு அதுவே ஊரைக் கூட்டிடும். கங்காணி காதுல விழுந்துச்சோ, அன்னிக்குப் பூரா அவரு வாயிலேருந்து வர்றதையும் சேர்த்துக் கேக்கணும். உன் காடிக்குக் கங்காணி இல்ல, அதான் அதுக்குக் கேடு.

அதுக்கும் முந்தி, எங்க அப்பாரு கப்பலேறி வர்றதுக்கு முன்ன, ஊர்ல மாட்டு வண்டி அச்சுக்கு விளக்கெண்ணெயில வைக்கோல் கரியைக் குழைச்சுப் பூசுவாங்க. வண்டி மசின்னு பேரு. நீ சிரிக்கிறே. உன் டப்பாவுல லித்தியம் கிரீஸ்னு பெருசா எழுதியிருக்கே, அது என்னன்னு நெனைச்சே? எண்ணெயை ஒரு சோப்புல பிடிச்சு நிறுத்தினதுதான் கிரீஸு. அந்த லித்தியம் சோப்பு பெரும்பாலும் ஆமணக்கெண்ணெயிலேருந்துதான் வருது, குஜராத்துல விளையுற அதே ஆமணக்கு. பாட்டன் தடவினதைத்தான் நீயும் தடவுறே. டப்பாவுல காட்டு யானைப் படம் போட்டு வித்துட்டான், வாங்கிட்டே.

வாங்கறப்ப ரெண்டு விஷயம் பாரு. டப்பாவுல 2ன்னு நம்பர் போட்டிருக்கணும். 1933-ல அமெரிக்காவுல கிரீஸ்காரனுங்க ஒரு சங்கம் வச்சானுங்க, அவனுங்க கெட்டித்தனத்துக்குப் போட்ட நம்பர் அது. மூணு சைபர்ல ஆரம்பிச்சு ஆறு வரைக்கும் போவுது. நம்மளுக்கு ரெண்டு போதும். யூ-ஜாயின்ட்டுக்கு லித்தியம் நம்பர் ரெண்டு. வழுக்கு மூட்டுக்கு மாலிப்டினம் கலந்த கருப்புக் கிரீஸ். பழைய ஹைலக்ஸ், லேண்ட் குருசர் புத்தகத்துல டொயோட்டாக்காரன் இப்படித்தான் பிரிச்சு எழுதியிருக்கான். உள்ள இருக்குறது எந்த வகைன்னு தெரியாம வேற ஜாதி கிரீஸை மேல அடிக்காதே. லித்தியமும் களிமண் வகைக் கிரீஸும் சேர்ந்தா எளகி ஒழுகிடும். மனுசனுக்கு ஜாதி பார்க்காதே, கிரீஸுக்குப் பாரு.

உங்க கொண்டோ கார் பார்க்குல காடி ரிப்பேர் பண்ணக்கூடாதுன்னு அட்டை மாட்டியிருக்கு, அதைக் காட்டியே தப்பிச்சுக்கிட்டு வர்றே. எங்க வீட்டு முன்னால சிமெண்டுத் தரை மட்டமாத்தான் இருக்கு. ஞாயித்துக்கிழமை வெயில் ஏறுறதுக்குள்ள கிள்ளானுக்கு வந்துடு. பசியாறாம வந்தாலும் பரவாயில்ல, ரொட்டி சானாய் வாங்கிக்கிட்டு வா, ரெண்டு பேருக்கும்.

ஜாக்கு வேணாம். அந்த ஆளுயர ஜாக்கைப் படம் எடுக்க மட்டும் வச்சுக்கோ. இருக்குற உயரத்துக்கு உன் காடிக்கு அடியில எவனும் தாராளமா படுக்கலாம், உன் தொப்பைக்குத்தான் கொஞ்சம் ஞாயம் கேக்கணும். சக்கரம் நாலும் தரையில இருக்கட்டும். முன்னயும் பின்னயும் கட்டை குடு. பிரிக்பீல்ட்ஸ்காரன்னு செங்கல்லத் தூக்கிட்டு வராதே. 1881-ல தீயும் வெள்ளமும் மாறி மாறி வந்து கோலாலம்பூர் அழிஞ்சப்புறம் ஊரைத் திரும்பக் கட்டுறதுக்குச் சூளை போட்ட எடம்தான் உங்க ஏரியா, பெருமைதான், ஒத்துக்கிறேன். ஆனா சக்கரத்துக்குச் செங்கல் வச்சா நொறுங்கிடும். மரக்கட்டை வை.

இப்ப சொல்றதை ஸ்டிக்கரா அடிச்சு ஒட்டிக்கோ. டிரான்ஸ்பர் கேஸை நியூட்ரல்ல போட்டா, கியர் பார்க்குல இருந்தாலும் காடி உருளும். பழைய லேண்ட் ரோவர்ல இன்னொரு கூத்து: ஹேண்ட் பிரேக்கு சக்கரத்துல இல்ல, டிரான்ஸ்பர் கேஸுக்குப் பின்னால ஷாப்ட்டைப் பிடிக்குது. ஷாப்ட்டைக் கழட்டினா ஹேண்ட் பிரேக்கையும் கழட்டினதாத்தான் கணக்கு. கட்டை குடுக்காம அடியில படுத்தவன் இன்சூரன்ஸ்ல பேரு எழுதினது யாருன்னு ஒரு தடவை பார்த்துட்டுப் படுக்கலாம்.

படுத்தாச்சா? நிப்பிளைத் தேடு. சுண்டு விரல் நுனி அளவுக்கு இருக்கும், தலையில ஒரு குண்டு. சேறு மூடியிருக்கும், உன் காடியில கார் வாஷ் நுரை மூடியிருக்கும். ஏதாவது ஒண்ணு மேல் பக்கமா ஒளிஞ்சுக்கிட்டு நிக்கும். அதுக்குக் காடியை ஒரு முழம் உருட்டணும். நீ வெளிய வந்து, எழுந்து நின்னு, ரெண்டு காலும் தரையில இருக்குன்னு பார்த்துக்கிட்டு உருட்டு. மறுபடியும் கட்டை.

கிரீஸ் கன்னை மாட்டுறதுக்கு முன்னால நிப்பிளைத் துணியில துடை. துடைக்காம அடிச்சா வெளிய இருக்குற மண்ணை நீயே உள்ள தள்ளி ஊசிங்களுக்கு ஊட்டி விடுறே. இதுக்குப் பட்டறையில கூலி குடுத்துப் பண்றவனும் உண்டு. துடைச்சுட்டு, கன்னோட வாயைக் கெட்டியா அழுத்தி மாட்டி, மெதுவா பம்ப் அடி. அவசரப்பட்டா சீலு பிதுங்கிடும். நாலு கிண்ணி ஓரத்திலயும் பழைய கிரீஸ் வெளிய வரணும். வர்றதைப் பாரு, முகத்தைத் திருப்பிக்காதே. ஜாயின்ட்டோட ஜாதகம் அதுல இருக்கு. கருப்பா வந்தா வயசாச்சு, அவ்வளவுதான். செவப்பா பொடி கலந்து வந்தா உள்ள துரு, ஊசிங்க கதை முடிஞ்சுக்கிட்டு இருக்கு. தே தாரிக் மாதிரி வெளுத்து வந்துச்சுன்னா தண்ணி பூந்துருக்கு. புது நிறம் வர்ற வரைக்கும் அடிச்சுட்டு நிறுத்து. மூணு பக்கம் வந்து நாலாவது பக்கம் அடம் பிடிச்சா, ஷாப்ட்டைக் கொஞ்சம் ஆட்டிவிட்டு, காடியை அரைச் சுத்து நகர்த்தித் திரும்ப அடிச்சுப் பாரு. அப்பவும் வரலேன்னா அந்த ஜாயின்ட்டை மாத்துறதுக்குக் காசு எடுத்து வை.

கன்னைச் சாதாரணமா நெனைச்சிடாதே. கையால அழுத்துறதுதானேம்பே. அதோட வாயில சதுர அங்குலத்துக்கு பல ஆயிரம் பவுண்டு அழுத்தம் வரும். குழாய்ல பொத்தல் இருக்கான்னு விரலை வச்சுப் பார்க்காதே. தோலுக்குள்ள கிரீஸ் ஏறிடுச்சுன்னா, வெளிய ஊசி குத்தின புள்ளி மட்டும்தான் தெரியும், வலிகூட அப்போ பெருசா இருக்காது. உள்ள சதை அழுகும். அதுக்கு மருந்தெண்ணெய் தேய்ச்சுட்டுப் படுத்துடக்கூடாது. நேரா ஆஸ்பத்திரிக்குப் போயி, கிரீஸ் கன் அடிச்சதுன்னு வாயைத் திறந்து சொல்லணும். கத்தி வச்சுத்தான் எடுப்பாங்க. இந்த ஒரு விஷயத்துல நான் கிண்டல் பண்ணல.

வழுக்கு மூட்டுலதான் ஆர்வக்கோளாறுக்காரனுங்க மாட்டுவானுங்க. யூ-ஜாயின்ட்டுல புதுசு வெளிய வர்ற வரைக்கும் அடின்னு சொன்னேன்ல, அதையே இங்கயும் செய்வான். இதுக்குள்ள வெறும் எடம் இருந்தாத்தான் ஷாப்ட்டு சுருங்க முடியும். அந்த எடம் பூரா கிரீஸை ரொப்பிட்டா, காடி பள்ளத்துல விழுந்து அச்சு மேல ஏறுறப்ப ஷாப்ட்டுக்குப் போக எடமில்ல. நிறைஞ்ச கிரீஸ் அமுங்காது. ஒண்ணு சீலைப் பிய்க்கும், இல்லேன்னா டிரான்ஸ்பர் கேஸ் பேரிங்கை இடிக்கும். சில பம்ப் அடி, ஓரத்துல கிரீஸ் எட்டிப் பார்த்தாலோ, ஷாப்ட்டு நீள ஆரம்பிச்சாலோ கையை எடுத்துடு. சக்கரம் தரையில இருக்கட்டும்னு சொன்னது இதுக்குத்தான். தாராள மனசைக் கோயில் உண்டியல்ல காட்டு.

முடிச்சப்புறம் வழிஞ்சதைத் துடை. இல்லேன்னா மொத ஓட்டத்துலயே அடிப்பலகை பூராவும் கிரீஸ் கோலம் போட்டு வைக்கும், அதுல மண்ணு ஒட்டும். கையோட ஷாப்ட்டு ஒரு பக்கத்தையும் ஜாயின்ட்டுக்கு மறுபக்கத்தையும் பிடிச்சு எதிரும் புதிருமா முறுக்கிப் பாரு. மூட்டுல துளி ஆட்டம் இருந்தாலும் அது போச்சு. ரிவர்ஸ்லேருந்து முன்னுக்குப் போடுறப்ப டொங்குன்னு ஒரு சத்தம் வருதுன்னு சொன்னியே, பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வச்சா கேக்க மாட்டேங்குதுன்னு? அதேதான். பின் ஷாப்ட்டோட முன் முனை ஓட்டத்துல கழண்டு ரோட்டுல குத்திச்சுன்னா காடியையே தூக்கிக் கவுத்துடும். அப்போ எந்தப் பாட்டும் உதவாது.

எப்பப்போ போடணும்? வெறும் ரோட்டுல ஓடினா புத்தகத்துல என்ன போட்டிருக்கோ அதும்படி. ஆத்துல இறங்கினா அந்த வாரமே. கோலா குபு பாரு பக்கம் லாத்தா மேடாங் போறே, ஜண்டா பாயிக் போறே, ஆத்தைக் கடக்குறப்ப டிரோன் விட்டுப் படம் எடுக்குறே. சூடா ஓடின அச்சு திடீர்னு குளுந்த தண்ணியில இறங்குறப்ப உள்ள இருக்குற காத்து சுருங்கி, சீலு வழியா தண்ணியை உறிஞ்சிக்கும். அச்சுக்கு மேல பிரீதர்னு ஒரு சின்ன மூச்சுக்குழாய் இருக்கு. ஸ்நோர்க்கலுக்குக் குடுத்த காசுல நூத்துல ஒரு பங்குக்கு ரப்பர் குழாய் வாங்கி அதை உசரத்துல கட்டியிருந்தா அச்சும் மூச்சு விட்டிருக்கும். எஞ்சினுக்கு மட்டும்தான் மூச்சு முட்டும்னு யாரு உனக்குச் சொன்னது? அதுதான் வெளிய தெரியுது, படத்துல விழுது, அதனால.

2021 டிசம்பர் 18-ஐ நான் மறக்கல. ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவுல வெள்ளம் வந்து ஜனங்க வீட்டுக் கூரைமேல ஏறி நின்னாங்க. படகு வச்சிருந்தவன் படகோட வந்தான், போர்-வீல் வச்சிருந்தவன் காடியோட வந்தான், சோறு கொண்டு வந்தான், கிழவன் கிழவிகளை ஏத்திக்கிட்டுப் போனான். அந்தப் பையனுங்களைப் பத்தி ஒரு வார்த்தை தப்பா பேச மாட்டேன். ஸ்டிக்கர் ஒட்டினவன் ஒட்டாதவன் எல்லாரும்தான் வந்தானுங்க. ஆனா அது வெறும் ஆத்துத் தண்ணி இல்ல. சாக்கடை, மண்ணு, எண்ணெய் எல்லாம் கலந்த தண்ணி. தண்ணி வடிஞ்சதும் காடி உள்ளுக்குள்ள கழுவி, சீட்டு காய வச்சு, வாசனை போத்தல் தொங்கவிட்டவன் எத்தனையோ பேரு. அடியில கன்னோட படுத்தவன் எத்தனை பேருன்னு, அடுத்த சீனப் பெருநாளுக்குள்ள கீச்சு கீச்சுன்னு வந்து நின்ன காடிங்களை வச்சு எனக்குத் தெரிஞ்சுது.

ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போர்-வீல் போட்டிக்குப் போகணும்னு வேற ஆசை உனக்கு. 1997-லேருந்து நம்ம நாட்டுல நடக்குது, மழைக்காலமா பார்த்துத்தான் வைக்கிறானுங்க. போ, வேணாங்கல. அங்க போறவன் ராத்திரி கூடாரத்துக்கு முன்னால கோப்பி கலக்குறதுக்கு முன்ன காடிக்கு அடியில படுத்துக் கெடப்பான். நீ அந்த நேரத்துல லைவ் போட்டுக்கிட்டு இருப்பே.

அதுக்கு முன்னால, காடியை இன்னும் ரெண்டு அங்குலம் தூக்கணும்னு சொன்னியே, ஜேபிஜே அனுமதி வாங்கினியான்னு நான் கேக்கல, அது உனக்கும் அவங்களுக்கும் உள்ள கணக்கு. காடி தூக்கினா ஷாப்ட்டோட மடிப்பு கூடும், மடிப்பு கூடினா ஊசிங்களுக்கு வேலை கூடும், கிரீஸ் இன்னும் சீக்கிரம் தீரும். தூக்குறதுன்னா அடிக்கடி படுக்கவும் தயாரா இரு.

"தாத்தா, என் காடியில சில ஜாயின்ட்டுக்கு நிப்பிளே இல்லையே"ன்னு ஒரு தப்பிக்கிற வழி வச்சிருக்கே, தெரியும். நிப்பிள் இல்லாம மூடி வச்ச ஜாயின்ட்டும் இருக்கு, அதுக்கு ஆயுசு முடிஞ்சா மாத்துறதுதான். முன் சக்கரத்துக்குப் போற சின்ன ஷாப்ட்டுல ரப்பர் உறை இருக்கே, அது கிழிஞ்சிருக்கான்னு மட்டும் பாரு. கிழிஞ்சா கிரீஸ் வெளிய போவும், மண்ணு உள்ள போவும். எது நிப்பிள் இல்லாதது, எது சேத்துல மறைஞ்சது, இது தெரியணும்னாலும் குனிஞ்சுதான் பார்க்கணும் பேராண்டி. அதுக்குக் கூடாரம் போட்டுக் குடுக்குற கம்பெனி கிடையாது.

ஆக, பட்டறைக்கே குடுத்துடலாம்னு நெனைக்கிறியா? தாராளமா குடு. அவனுக்கும் பிள்ளைங்க இருக்கு, காலேஜ் படிக்கணும். நிப்பிளைத் துடைச்சானா, நாலு கிண்ணியிலயும் வந்துச்சான்னு நீ குளிர்சாதன ரூம்ல உக்காந்து போனைத் தடவிக்கிட்டே கண்டுபிடிச்சுடுவே, உனக்கில்லாத திறமையா.

வர்றதா இருந்தா கிரீஸ் கன்னு ஒண்ணு வாங்கிட்டு வா, ரெண்டு டப்பா கிரீஸு, ஒரு கட்டுப் பழைய துணி. வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வராதே, அப்புறம் உன் பொண்டாட்டி எங்கிட்டதான் கத்தும். வேலை முடிஞ்சதும் கன்னை இங்கயே விட்டுட்டுப் போ. கொண்டோவுல வச்சா துருப்பிடிச்சுடும். எங்க கேட்டுக் கீலு ரொம்ப நாளா முனகுது, பக்கத்து வீட்டு சீனக் கிழவனும் அவன் சைக்கிளுக்கு ரெண்டு பம்ப் கேட்டுக்கிட்டே இருக்கான். ஹூலு லங்காட் பக்கம் சுத்தப் போனா டுரியான் எடுத்துட்டு வா. முள்ளோட கொண்டா. டப்பாவுல அடைச்சு விக்கிறானே, அந்தக் கொழுப்பு எனக்கு வேணாம்.